பச்சன் சிங்கை யார் எழுதுவது?

2022 ஏப்ரல் 25, திங்கட்கிழமை இரவு. ஹாங் லிம் பூங்காவில் நாகேந்திரன் தர்மலிங்கத்துக்காகக் கூடியிருந்த சில நூறு பேரில் நானும் ஒருவன். 42.72 கிராம் ஹெராயின், ஐக்யூ 69, சிறையில் பதிமூன்று வருடம். இந்த எண்கள் அன்று எல்லார் வாயிலும் இருந்தன. புதன்கிழமை விடியலில் தூக்கு என்று முடிவாகியிருந்தது. கையில் மெழுகு சொட்டிய தடத்தோடு கிளார்க் கீயில் எம்ஆர்டி ஏறி, மூன்று ஸ்டேஷன் தள்ளி ஃபேரர் பார்க்கில் இறங்கினேன். முஸ்தபாவுக்குப் பின்னால் சையது ஆல்வி ரோட்டில் ஒரு சாப்பாட்டுக்கடை. அங்கே என் யூனிவர்சிட்டி சீனியர் காத்திருந்தார். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். சிவில் இன்ஜினியர், அதிகம் பேசாதவர், பேசினால் நேராகப் பேசுபவர்.

"எங்கடா போயிட்டு வர்ற?"

சொன்னேன். கொத்துப் புரோட்டாவைக் கிளறிக்கொண்டே கேட்டுவிட்டு, "நாகேந்திரன் விஷயம் எனக்கும் சங்கடமாதான் இருக்கு. அந்தப் பையன் யாரையும் கொல்லல. ஆனா ஒண்ணு சொல்லு தம்பி. ஒருத்தன் கொல்றான், உள்ள போறான், வெளிய வர்றான், திரும்பவும் கொல்றான். அவனுக்கும் மெழுகுவத்தி ஏத்துவியா?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. "அது வேற கேஸ்ண்ணே" என்று மழுப்பினேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் பில்லைக் கட்டினார். அதுதான் அதிகமாக உறுத்தியது.

இந்தக் கட்டுரை அந்த மழுப்பலைப் பற்றியது. என்னுடையது மட்டுமில்லை. மரண தண்டனைக்கு எதிராகத் தமிழில் நாம் எழுதியது, எடுத்தது, பகிர்ந்தது பலவற்றிலும் அதே மழுப்பல் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன்.

*

அண்ணன் கேட்ட ஆள் கற்பனை இல்லை. அவருக்குப் பெயர் உண்டு. தமிழ்ப் பத்திரிகை படிக்கிற யாருக்கும் அவர் வழக்கில் பிறந்த சொற்றொடர் தெரியும்: "அரிதினும் அரிதான வழக்கு". இந்தியாவில் தூக்குத் தண்டனை பற்றி எந்தச் செய்தி வந்தாலும் இந்த மூன்று சொல் வரும். இது 1980இல் இந்திய உச்ச நீதிமன்றம் பச்சன் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் என்ற வழக்கில் சொன்னது. வழக்கின் பெயர் எனக்கும் முன்பே தெரியும். பச்சன் சிங் யார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அது ஏதோ ஒரு சூத்திரத்தின் பெயர் மாதிரி மனதில் இருந்தது.

பச்சன் சிங் மனைவியைக் கொன்றவர். அதற்காக 14 ஆண்டு சிறையில் இருந்துவிட்டு வெளியே வந்தார். சரியாகச் சொன்னால் பரோல் இல்லை, தண்டனை முடிந்த விடுதலை. போக இடமில்லாதவருக்கு உறவுக்காரரான ஹுக்கம் சிங் தன் வீட்டில் இடம் கொடுத்தார். அந்த வீட்டில் இருந்தவர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. பிறகு ஒரு நாள் அடைக்கலம் கொடுத்த அதே குடும்பத்தில் மூன்று உயிர்கள் போயின: தேசா சிங், துர்கா பாய், வீரான் பாய். செஷன்ஸ் நீதிமன்றம் தூக்கு விதித்தது. உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது.

அண்ணன் கேட்டது இதைத்தான்.

தீர்ப்பைப் படிக்க உட்கார்ந்தேன். நான் சட்டம் படித்தவன் இல்லை. ஒரு நெடுங்கதையைப் படிக்கிற மாதிரிதான் படித்தேன், அப்படிப் படித்ததால்தான் ஒன்று கண்ணில் பட்டது. பச்சன் சிங் இந்தத் தீர்ப்பில் ஏறக்குறைய இல்லை. தொடக்கத்தில் வழக்கு எண், கொல்லப்பட்ட மூவர் பெயர், தண்டனை, இது தூக்குக்குரிய சிறப்புக் காரணமா என்ற கேள்வி, அவ்வளவுதான். ஹுக்கம் சிங்கின் வீட்டு வாசலை அங்கே பார்க்க முடியாது. அதற்குப் பிறகு கதாநாயகன் மேடையை விட்டு இறங்கிவிடுகிறார். மரண தண்டனையே அரசியல் சாசனத்துக்கு ஒத்துப்போகுமா என்ற பெரிய கேள்வி ஐந்து நீதிபதிகள் முன்னால் வருகிறது. வெளிநாட்டு ஆணைய அறிக்கைகள், குற்றவியல் அறிஞர்கள், அமெரிக்கத் தீர்ப்புகள் என்று பக்கங்கள் நீள்கின்றன.

முடிவு நான்குக்கு ஒன்று. பெரும்பான்மைக்காக சர்க்காரியா எழுதினார்: மரண தண்டனை செல்லும். ஆனால் ஆயுள்தான் விதி, தூக்கு விலக்கு. மற்ற வழி எல்லாமே சந்தேகமில்லாமல் அடைபட்டுப் போன, அரிதினும் அரிதான வழக்கில்தான் அந்த விலக்கு. குற்றத்தை மட்டும் பார்க்காதே, குற்றவாளியையும் பார். அவர் வயது என்ன? எந்த மனநிலையில் செய்தார்? சமூகத்துக்கு இனியும் ஆபத்தாக இருப்பாரா? திருந்த வாய்ப்பு உண்டா? திருந்த மாட்டார் என்றால் அதை நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது.

நான் நின்றுவிட்ட இடம் இதுதான். "திருந்த வாய்ப்பு உண்டா" என்ற கேள்வியை இந்திய நீதிமன்றங்களுக்கு நிரந்தரமாகக் கொடுத்த வழக்கு, வெளியே வந்து மறுபடி கொன்ற ஒருவருடைய வழக்கு! அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு பச்சன் சிங்கிடமே திரும்பிப் போகும் பக்கம் ஒன்று இந்தத் தீர்ப்பில் இல்லை. பொதுக் கேள்விக்குப் பதில் சொல்வதோடு அது முடிகிறது. அவருக்குப் பின் வந்த எத்தனையோ பேர் அவர் பெயரைச் சொல்லித் தூக்கிலிருந்து இறங்கியிருக்கிறார்கள். கயிற்றைக் குறைத்த பெயர், மிகக் கடினமான கொலையாளி ஒருவருடையது. இதை ஒரு நாவலாசிரியர் எழுதியிருந்தால் ரொம்ப செயற்கையாக இருக்கிறது என்று நானே விமர்சனம் எழுதியிருப்பேன்.

மாறுபட்ட ஒரே நீதிபதி பகவதி. அவருடைய விரிவான தீர்ப்பு 1982இல்தான் வந்தது. தூக்கு திருத்தவே முடியாத தண்டனை, ஏழை மீதே அதிகம் விழுகிறது, எந்த நீதிபதி முன் வழக்கு வருகிறது என்பதைப் பொறுத்து உயிர் போகிறது அல்லது தப்புகிறது என்கிறார். ஒவ்வொரு வாதமும் எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனாலும் அண்ணனின் கேள்விக்கு இதில் பாதிப் பதில்தான் இருக்கிறது. தவறான ஆளைத் தூக்கிலிடலாம் என்பது வாதமென்றால், சரியான ஆள் என்று உறுதியாகத் தெரிந்தால் என்ன செய்வது?

*

இங்கே நம் பக்கம் திரும்புகிறேன்.

தமிழில் தூக்குக்கு எதிரான மிகப் பிரபலமான கலைப்படைப்பு எது என்று கேட்டால் பலரும் 'விருமாண்டி' என்பார்கள். 2004 பொங்கலுக்கு வந்த படம். எனக்கு மிகப் பிடித்த படமும்கூட. மரண தண்டனை கூடாது என்று ஆவணப்படம் எடுக்க வருகிறவரிடம் இரண்டு கைதிகள் இரண்டு கதை சொல்கிறார்கள். கொத்தாளத் தேவன் சொல்வது பொய், விருமாண்டி சொல்வது உண்மை. ஆயுள் தண்டனை பெற்றவன் கெட்டவன், தூக்குக் கைதி நல்லவன், அவன் மேல் விழுந்த பழியில் பெரும்பகுதி பொய். படம் முடியும்போது நாம் தூக்குக்கு எதிராக எழுந்து நிற்கிறோம். உண்மையில் எதற்கு எதிராக நின்றோம்? தப்பான ஆளைத் தூக்கிலிடுவதற்கு எதிராக. அதற்கு எதிராக நிற்க யாருக்கும் தைரியம் வேண்டாம். கொத்தாளன் தூக்குமேடைக்குப் போயிருந்தால் தியேட்டரில் எத்தனை பேர் 'வேண்டாம்' என்றிருப்போம்?

பேரறிவாளன் விஷயத்திலும் நம் எழுத்து எதைப் பிடித்துக்கொண்டது என்று பாருங்கள். 1991இல் கைதானபோது வயது 19. இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரி. வாக்குமூலம் முழுமையாகப் பதிவாகவில்லை என்று பதிவு செய்த அதிகாரியே பின்னாளில் சொன்னது. 2022 மே மாதம் அவர் விடுதலையானபோது நானும் சந்தோஷப்பட்டேன். அந்த வாதங்கள் வேண்டியவைதான். ஆனால் அவை எல்லாமே "இவர் அப்படிப்பட்டவர் இல்லை" என்ற வாதங்கள். "அப்படிப்பட்டவராகவே இருந்தாலும்" என்ற வாக்கியத்தை நாம் அதிகம் எழுதவில்லை. நாகேந்திரனுக்கு நான் ஏற்றிய மெழுகுவத்தியிலும் ஐக்யூ 69 இருந்தது. 110 என்றிருந்தால் போயிருப்பேனா?

நம் எழுத்து எளிய மனிதர்களைத் தேர்ந்தெடுக்கிறது. வாசகரை நம் பக்கம் இழுக்க அது நல்ல உத்திதான். ஆனால் அண்ணன் மாதிரி ஒருவர் ஒற்றைக் கேள்வி கேட்டால் அந்த உத்தி சரிந்துவிடுகிறது.

*

எதிர்ப்பக்கத்துத் தவறும் ஒன்று இருக்கிறது. அதைச் செய்தது இலக்கிய உலகமே என்பதால் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நார்மன் மெய்லர் 1970களின் கடைசியில், யூட்டாவில் சுட்டு மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட கேரி கில்மோர் பற்றி 'தி எக்ஸிக்யூஷனர்ஸ் சாங்' எழுதிக்கொண்டிருந்தார். அப்போது ஜாக் ஹென்றி அபட் என்ற கைதி சிறையிலிருந்து அவருக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். சிறைக்குள்ளேயே சக கைதி ஒருவரைக் கொன்றவர். கடிதங்களின் மொழி மெய்லரை உலுக்கியது. அவை 'இன் தி பெல்லி ஆஃப் தி பீஸ்ட்' என்று 1981இல் புத்தகமாயின, முன்னுரை மெய்லர். பரோல் கிடைக்கவும் மெய்லர் ஆதரவாக நின்றார். ஜூனில் அபட் நியூயார்க் வந்தார். ஜூலை 18 விடியலில் பினிபான் என்ற சின்ன உணவகத்தில் கழிப்பறையைப் பயன்படுத்துவது பற்றி வாக்குவாதம். அங்கே பரிமாறிக்கொண்டிருந்த ரிச்சர்ட் அடானை அபட் கத்தியால் குத்தினார். வெளியே வந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. மறுநாள் நியூயார்க் டைம்ஸில் அவர் புத்தகத்துக்குப் பாராட்டு விமர்சனம் வெளியானது.

அடானுக்கு 22 வயது. நடிகர், நாடகமும் எழுதியவர். ஒரு எழுத்தாளரை வெளியே கொண்டுவந்த உற்சாகத்தில் இருந்தவர்களுக்கு, கொல்லப்பட்டவரும் எழுதுகிறவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அபட்டுக்கு மரண தண்டனை இல்லை. கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்கு 15 ஆண்டு முதல் ஆயுள்வரை தண்டனை விதிக்கப்பட்டது. 2002இல் சிறையில் தற்கொலை செய்துகொண்டார்.

மெய்லரைத் திட்டுவது சுலபம். எனக்குப் பட்டது வேறு: அவர் செய்ததும் நாம் செய்வதும் ஒரே தப்பு. நன்றாக எழுதுகிறார், அதனால் விடுங்கள் என்றார் மெய்லர். நல்லவர், அதனால் தூக்கிலிடாதீர்கள் என்கிறோம் நாம். இரண்டிலும் கருணை ஒரு பரிசு, தகுதி உள்ளவருக்குத்தான் கிடைக்கும். அந்தத் தகுதி பொய்யாகிற அன்று கருணையும் பொய்யாகிவிடும்.

*

இந்த இடத்தில் எனக்கு உதவியது, ஆச்சரியமாக, இன்னொரு தீர்ப்புதான். 1860இல் வெள்ளைக்காரர் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 303 என்று ஒரு பிரிவு இருந்தது. ஆயுள் தண்டனையில் இருப்பவர் கொலை செய்தால் தூக்கு. வேறு தண்டனை கிடையாது. நீதிபதி எதையும் பார்க்க வேண்டியதில்லை. அண்ணனின் கேள்விக்குச் சட்டம் வைத்திருந்த ரெடிமேட் பதில் இது. பரோலில் வந்திருந்தாலும் சரி, சிறைக்குள் இருந்தாலும் சரி, ஒரே பதில்தான். 1983இல் மித்து எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை ரத்து செய்தது. இரண்டாவது கொலையையும் ஒரு கொலையாகத்தான் பார்க்க வேண்டும். ஏன், எந்தச் சூழலில் என்று கேட்கும் உரிமையை நீதிபதியிடமிருந்து பறிக்கும் சட்டம் நியாயமானது ஆகாது என்பது அதன் சாரம்.

மித்து நல்லவர் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. பாருங்கள் என்று மட்டும் சொல்கிறது.

அந்தத் தீர்ப்பு நம்ம ஊருக்கும் வந்தது. 2010இல் யோங் வூய் கோங் வழக்கில் வழக்கறிஞர் எம். ரவி மித்துவைச் சுட்டிக் கட்டாய மரண தண்டனை செல்லாது என்று வாதிட்டார். யோங்குக்குக் கைதானபோது 19 வயது, 47.27 கிராம் ஹெராயின். மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. இந்தியா தன் சாசனத்தின் 21ஆம் பிரிவைப் படிக்கிற மாதிரி சிங்கப்பூர் தன் 9ஆம் பிரிவைப் படிக்க முடியாது என்பது அதன் நிலை. அந்த வாசல் மூடியது. 2013 தொடக்கத்தில் சட்டமே கொஞ்சம் திறந்தது. யோங்குக்குத் தண்டனை ஆயுளாக மாறியது. கொலை வழக்கில், கொல்லும் நோக்கத்தோடே செய்ததற்கு இன்றும் தூக்கு கட்டாயம். மற்ற மூன்று வகையில் நீதிபதி பார்த்து முடிவு செய்யலாம்.

*

நான் லிஃப்ட் பராமரிப்பில் வேலை பார்க்கிறவன். ஒரு பாகம் உடைந்தால் அதைக் கழட்டி எறிவதற்கு முன்னால் ஏன் உடைந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பார்க்காமல் எறிந்தால் அடுத்த லிஃப்டிலும் அதே பாகம் உடையும். போன மாதம் அண்ணனைப் பார்த்தபோது இதைச் சொன்னேன். மூன்று வருடத்துக்கு மேல் தாமதமான பதில்.

"பார்ட்டுக்குப் புள்ளகுட்டி கிடையாதுடா. செத்தவங்களுக்கு இருக்கு," என்றார்.

சரிதான். உதாரணம் அங்கே உடைகிறது. தூக்கை எதிர்க்கிறவர்கள் திருப்பிச் சரிசெய்ய முடியாத தண்டனை என்கிறோம். துர்கா பாய் செத்ததையும் திருப்பிச் சரிசெய்ய முடியாது. இரண்டு பக்கமும் திரும்பாத உயிர்கள். இதைச் சொல்லாமல் எழுதப்படும் எந்தக் கட்டுரையையும் அண்ணன் நம்பப் போவதில்லை, நம்பவும் வேண்டாம்.

ஆனால் அவர் கேள்விக்குள் இரண்டு கேள்வி ஒட்டிக்கொண்டிருந்தன. அவனை ஏன் வெளியே விட்டார்கள் என்பது ஒன்று. இப்போது அவனை என்ன செய்வது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குத் தூக்கு பதில் இல்லை. யாரை, எப்போது, எந்தக் கண்காணிப்போடு விடுவது என்பதுதான் பதில். சிங்கப்பூரில் 1997 ஆகஸ்டுக்கு முன்னால் ஆயுள் என்றால் 20 ஆண்டு. அதன்பின் ஆயுள் என்றால் சாகும்வரை. 20 ஆண்டு கழித்துத்தான் பரிசீலனை. கதவைப் பூட்டி வைக்க வழி இருக்கிறது. இரண்டாவது கேள்வியில் மிஞ்சுவது கோபம். அந்தக் கோபம் நியாயமானது. அதை நான் மதிக்கிறேன். அதற்கு ஒரு உயிரைக் கொடுக்க மட்டும் எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. 1996இல் இங்கே ஒரு கொலைக்காக மூன்று தமிழ் இளைஞர்களுக்குத் தூக்கு விதிக்கப்பட்டது. 1998 ஏப்ரலில் அதிபர் ஓங் டெங் சியோங் ஒருவருக்கு மட்டும் கருணை காட்டினார். மே மாதம் மற்ற இருவரும் தூக்கிலிடப்பட்டனர். உயிர் தப்பியவருக்கு ஆயுள் என்பது பழைய கணக்குப்படி 20 ஆண்டுதான் என்று 2012இல் உயர் நீதிமன்றம் சொன்னது. அவருக்குப் பிறகு 2025 ஆகஸ்ட் வரை இங்கே எந்தத் தூக்குக் கைதிக்கும் கருணை கிடைக்கவில்லை. ஒரே வழக்கு, மூன்று பேர், ஒருவர் மட்டும் திரும்பி வந்தார். இப்படித் திரும்பி வருகிறவர்களைப் பற்றி நாம் எழுதியிருக்கிறோமா? சிறையிலிருந்து வந்த ஒருவர் தினமும் காலையில் பஸ் பிடித்து வேலைக்குப் போனால் அது செய்தி ஆகாது. திரும்பக் கொன்றால்தான் செய்தி. நம் பயம் முழுக்க இரண்டாவது வகைச் செய்தியிலிருந்து கட்டப்பட்டது.

*

பச்சன் சிங்கை எழுத வேண்டும் என்று நான் சொல்வது அவரை நல்லவராக்க இல்லை. அவர் கதையில் நான் படிக்க விரும்பும் ஆள் ஹுக்கம் சிங். சட்டமும் சமூகமும் பேசுகிற "இரண்டாவது வாய்ப்பு" என்ற சொல்லுக்கு ஒரு கட்டிலும் ஒரு தட்டுச் சோறும் கொடுத்தவர் அவர். வீட்டில் எதிர்ப்பு வந்தபோது என்ன சொல்லிச் சமாளித்திருப்பார்? அந்த இரவுக்குப் பிறகு, தான் கதவைத் திறந்தது பற்றி என்ன நினைத்திருப்பார்? தீர்ப்பு இதைக் கேட்காது, அது அதன் வேலை இல்லை. இலக்கியத்தின் வேலை அது. கொன்றவரையும் செத்தவர்களையும் கதவு திறந்தவரையும் ஒரே கூரையின் கீழ் வைத்து, யாரையும் வெள்ளையடிக்காமல் ஒருவர் எழுதினால், அதைப் படித்த பிறகும் தூக்கு வேண்டாம் என்று எனக்குத் தோன்றினால், அதுதான் என் நிலைப்பாடு. அதுவரை என்னிடம் இருப்பது நல்ல மனசு மட்டும்தான்.

அண்ணனிடம் ஹுக்கம் சிங் கதையையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தாள்கிட்ட போய் தூக்கு வேணாம்னு சொல்லுவியா?" என்றார்.

"சொல்ல மாட்டேண்ணே. அவர்கிட்ட சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா கவர்மெண்டுகிட்ட சொல்லுவேன்."

"ரெண்டும் வேறயா?"

"வேறதான்ணே."

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தத் தடவை பில்லை நான் கட்டினேன்.